இந்தியாவில் தொடக்ககால இரட்டை இருக்கைப் போர் விமானங்கள்

இரட்டை இருக்கைப் போர் விமானம் என்பது விமானியும் அவருடன் இன்னொரு வீரரும் அமர்ந்து செல்லும் வகையில் வடிவமைக்கப்பட்ட இராணுவ விமானம் ஆகும். விமானப் போர் தொடங்கிய காலத்தில், அதாவது 1911 முதல் 1940 வரை, வேவு பார்த்தல், நிழற்படம் எடுத்தல், பீரங்கிகளுக்குக் குறி சொல்லுதல், குண்டு வீசுதல், உணவு போடுதல் ஆகிய பணிகளில் பெரும்பகுதியை இவ்வகை விமானங்களே செய்தன. ஒற்றை இருக்கைச் சண்டை விமானங்களும் அவற்றின் வீரர்களும் பெரும்புகழ் பெற்றனர். ஆனால் அச்சண்டை விமானங்கள் தோன்றியதே எதிரியின் இரட்டை இருக்கை விமானங்களை விரட்டவும் தம்முடையவற்றைக் காக்கவும்தான். இந்திய விமானப்படையின் முதல் விமானமும் இரட்டை இருக்கை கொண்டதே.

இரண்டாவது இருக்கை எதற்கு?

திண்டுக்கல் மலைக்கோட்டையின் உச்சியில் நிற்பவருக்குச் சுற்றியுள்ள சமவெளி முழுவதும் தெரியும். எந்தச் சாலையில் படை வருகிறது, எங்கே கூடாரம் அடித்திருக்கிறது என்பதைக் கீழே இருப்பவருக்கு முன்பே அவர் அறிந்துவிடுவார். குன்றுகளின் மேல் கோட்டை கட்டியதற்குப் பாதுகாப்புடன் இந்தப் பார்வையும் ஒரு காரணம். ஆனால் குன்றை நகர்த்த முடியாது. விமானம் வந்தபோது படைத் தலைவர்கள் அதை நகரும் குன்றாகவே கண்டனர்.

அக்கால விமானத்தை ஓட்டுவது முழுக் கவனத்தையும் கோரும் வேலை. காற்றின் ஒவ்வோர் அசைவுக்கும் விமானி கட்டுப்பாட்டுக் கம்பைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். எஞ்சினின் ஓசையையும் கவனிக்க வேண்டும். இவற்றுக்கு இடையே கீழே பார்த்து, வரைபடத்தோடு ஒப்பிட்டு, பென்சிலால் குறிப்பெடுப்பது கடினம். ஆகவே ஓட்டுவதற்கு ஒருவர், பார்ப்பதற்கு ஒருவர் என்று வேலை பிரிக்கப்பட்டது. பார்ப்பவர் நோக்குநர் எனப்பட்டார். பல படைகளில் தொடக்கத்தில் நோக்குநரே மேலதிகாரியாகவும் விமானி அவரை ஏற்றிச் செல்லும் ஓட்டுநராகவும் கருதப்பட்டனர்.

ஔரங்காபாத், 1911

இந்தியாவில் இந்த வேலைப் பிரிவினை உலகப் போருக்கு முன்பே சோதிக்கப்பட்டது. சென்னையில் 1910 மார்ச்சில் விடுதி உரிமையாளரான ஜியாக்கோமோ டி'ஏஞ்சலிஸ், சிம்சன் நிறுவனத்தில் செய்வித்த விமானத்தைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். அது வேடிக்கை பார்க்கும் காலம். அடுத்த ஆண்டே இராணுவம் விமானத்தைக் கவனிக்கத் தொடங்கியது.

1911 ஜனவரியில் தக்காணத்தில் ஔரங்காபாத் அருகே இராணுவப் போர்ப் பயிற்சி நடைபெற்றது. பிரிஸ்டல் நிறுவனம் தனது பாக்ஸ்கைட் விமானத்தை அங்கே கொண்டுவந்திருந்தது. பிரெஞ்சு விமானி ஆன்றி ஜுல்லெரோ அதை ஓட்ட, கேப்டன் செஃப்டன் பிராங்கர் நோக்குநராக அமர்ந்து, எதிரணியாக நிறுத்தப்பட்டிருந்த படையின் இருப்பிடத்தைக் கண்டுவந்து அறிக்கை அளித்தார். குதிரைப் படையினர் நெடுநேரம் அலைந்து திரட்ட வேண்டிய செய்தி சிறிது நேரத்திலேயே கிடைத்தது. அந்த விமானத்தில் மூடிய அறை கிடையாது. இருவரும் கீழிறக்கையின் மேல் திறந்த வெளியில் ஒருவர் பின் ஒருவராக அமர்ந்து பறந்தனர்.

கண் இல்லாத கடற்கரை

ஔரங்காபாத் சோதனைக்குப் பிறகும் இந்தியாவில் இராணுவ விமானங்கள் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருந்தன. வட இந்தியாவில் சீதாப்பூரில் ஒரு சிறு பறத்தல் பள்ளி தொடங்கப்பட்டது. போர் மூண்டதும் அதன் விமானங்களும் அதிகாரிகளும் சூயஸ் கால்வாயைக் காக்க எகிப்துக்கு அனுப்பப்பட்டனர்.

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்தை நெருங்கி, பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. சுமார் அரை மணி நேரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டுவிட்டு இருளில் மறைந்தது. கடலின் மேல் பறந்து பார்க்க ஒரு விமானம்கூடக் கரையில் இல்லை. எதற்கும் துணிந்த கெட்டிக்காரனை 'எம்டன்' என்று தமிழில் சொல்லும் வழக்கம் அன்று பிறந்தது.

எம்டனுக்குக் கிடைக்காத வசதி ஒன்று அதன் வழியில் வந்த இன்னொரு ஜெர்மானியக் கப்பலுக்குக் கிடைத்தது. சரக்குக் கப்பல்போல் வேடமிட்ட வொல்ஃப், 1917 பிப்ரவரியில் கொழும்புக்கு அருகிலும் பம்பாய்க்கு அருகிலும் கடற்கண்ணிகளை விதைத்தது. கொழும்புக்கு அப்பால் கப்பல்கள் அக்கண்ணிகளில் மோதி மூழ்கின. வொல்ஃப் கப்பலில் 'வொல்ஃப்சென்', அதாவது 'ஓநாய்க் குட்டி', என்று பெயரிடப்பட்ட ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் வகை மிதவை விமானம் இருந்தது. அதுவும் இரட்டை இருக்கை கொண்டது. தண்ணீரிலிருந்து எழும்பி, அடிவானத்துக்கு அப்பால் வரும் கப்பல்களை முன்கூட்டியே கண்டு சொல்லும். 1917 ஜூனில் பசிபிக் கடலில் வைருனா என்ற கப்பலின் மேல் பறந்து, சரணடையும்படி எழுதிய செய்தியை அதன் தளத்தில் போட்டு அதைப் பிடிக்க உதவியது.

உலகப் போரில் செய்த பணிகள்

மேற்குப் போர்முனையில் 1914-ஆம் ஆண்டின் இறுதியில் படைகள் பதுங்குகுழிகளில் முடங்கின. குதிரைப் படை சென்று வேவு பார்க்க வழியில்லாமல் போயிற்று. அதன்பின் எதிரியின் பின்புலத்தைப் பார்க்க விமானமே முதன்மையான வழி ஆயிற்று. பணிகள் பின்வருமாறு விரிந்தன.

நிழற்படம்: நோக்குநர் கேமராவால் எதிரியின் பதுங்குகுழிகளைப் படம் எடுத்தார். 1915 மார்ச் 10 அன்று தொடங்கிய நவ் சப்பெல் போருக்கு முன் ஜெர்மானியக் குழிகள் முழுவதும் வானிலிருந்து படமெடுக்கப்பட்டு வரைபடங்கள் அச்சிடப்பட்டன. அத்தாக்குதலில் ஏறத்தாழ பாதிப் பங்கு இந்தியப் படைப்பிரிவினருடையது. குழிகளைத் தாண்டி ஓடிய இந்தியச் சிப்பாய்களின் அதிகாரிகள் கையில் இருந்தவை இந்த வரைபடங்களே. ஆயினும் அப்போரில் இந்தியப் படை நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரை இறந்தவர்களாகவும் காயமுற்றவர்களாகவும் இழந்தது. படம் குழியைக் காட்டும். குழிக்குள் தப்பி நிற்கும் இயந்திரத் துப்பாக்கியை எப்போதும் காட்டிவிடாது.

பீரங்கிக்குக் குறி சொல்லுதல்: பீரங்கி வீரர்களுக்குத் தம் குண்டு எங்கே விழுந்தது என்பது தெரியாது. மேலே வட்டமிடும் விமானத்திலிருந்து கம்பியில்லாத் தந்தி மூலம் அது சொல்லப்பட்டது. இலக்கை நடுவாக வைத்து ஒரு கடிகார முகத்தைக் கற்பனை செய்துகொள்வர். 12 என்பது வடக்கு. தூரத்துக்கு ஓர் எழுத்து, திசைக்கு ஓர் எண். இரண்டையும் தந்தியடித்தால் பீரங்கி வீரர் குறியைத் திருத்திக்கொள்வார். பல விமானங்களில் விமானியே தந்தியடித்தார். மற்றவர் எதிரி விமானம் வருகிறதா என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தார்.

குண்டு வீச்சு: எடை தாங்காது என்பதால் குண்டு ஏற்றும் நாட்களில் சிறிய விமானங்களில் நோக்குநரை இறக்கிவிட்டு விமானி தனியே சென்றார். பின்னர் டி ஹாவிலண்டு 4, பிரெஞ்சு நாட்டின் பிரேகே 14 போன்ற ஆற்றல்மிக்க விமானங்கள் வந்தபோது இருவரும் குண்டுகளும் ஒன்றாகச் செல்ல முடிந்தது.

பார்ப்பவருக்குத் துப்பாக்கி

போரின் தொடக்கத்தில் பெரும்பாலான வேவு விமானங்களில் துப்பாக்கி பொருத்தப்படவில்லை. வீரர்கள் கைத்துப்பாக்கியும் ரைபிளும் எடுத்துச் சென்றனர். 1915 கோடையில் ஜெர்மனியின் ஃபோக்கர் ஒற்றை இறக்கை விமானம் வந்ததும் நிலைமை மாறியது. சுழலும் முன்விசிறியின் இடைவெளியில் குண்டு செல்லுமாறு இயந்திரத் துப்பாக்கியை எஞ்சினோடு இணைத்திருந்தனர். விமானத்தையே எதிரியை நோக்கித் திருப்பிச் சுட முடிந்தது.

இதில் அதிகம் பலியானது பிரித்தானியரின் பி.இ.2சி. அது ஃபார்ன்பரோவில் உள்ள அரச விமானத் தொழிற்சாலையின் வடிவமைப்பு. படமெடுப்பவருக்கு ஆடாமல் அசையாமல் பறக்க வேண்டும் என்பதற்காகவே அது மிகவும் நிலைத்தன்மையுடன் அமைக்கப்பட்டது. அந்த நற்பண்பே சண்டையில் தீங்காயிற்று. சட்டென்று திரும்பித் தப்ப அதனால் முடியாது. அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 116 கிலோமீட்டர். அந்த வேகத்தில் திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குச் செல்ல ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். 10,000 அடி உயரம் ஏற முக்கால் மணி நேரம் பிடித்தது. நோக்குநர் முன் இருக்கையில், இறக்கைகளுக்கும் தாங்குகம்பிகளுக்கும் நடுவே அமர்ந்திருந்தார். எந்தப் பக்கம் சுட்டாலும் தன் விமானத்தின் கம்பியோ இறக்கையோ குறுக்கே நிற்கும். இவ்வகை விமானங்களில் வீரர்களை அனுப்புவது பற்றி 1916-இல் பிரித்தானிய நாடாளுமன்றத்திலேயே கடும் கண்டனம் எழுந்தது.

பழைய விமானங்களை மாற்றுவதில் ஏற்பட்ட தாமதத்தின் விலை 1917 ஏப்ரலில் தெரிந்தது. 'இரத்த ஏப்ரல்' என்று பெயர் பெற்ற அந்த ஒரே மாதத்தில் பிரித்தானியர் 245 விமானங்களை இழந்தனர். அவற்றுள் பல வேவு பார்க்கச் சென்ற இரட்டை இருக்கை விமானங்களே.

அதே ஏப்ரல் 5 அன்று புதிய பிரிஸ்டல் எஃப்.2 விமானங்கள் ஆறு முதன்முறையாகப் போர்முனைக்குச் சென்றன. பின்னிருக்கை வீரரைச் சுட விட்டு, அணி கலையாமல் நேராகப் பறக்க வேண்டும் என்பது அவர்களுக்குச் சொல்லப்பட்ட முறை. ரிக்ட்ஹோஃபன் தலைமையில் வந்த ஜெர்மானியர் அவற்றுள் நான்கை வீழ்த்தினர். சில வாரங்களில் விமானிகள் முறையை மாற்றினர். முன்பக்கம் பொருத்திய துப்பாக்கியால் விமானி தாக்குவார். பின்னிருக்கை வீரர் முதுகைக் காப்பார். விமானம் ஒன்றுதான், ஆட்களும் அதே பயிற்சி பெற்றவர்களே. பயன்படுத்தும் முறை மாறியதும் பிரிஸ்டல் ஃபைட்டர் போரின் மிகச் சிறந்த இரட்டை இருக்கை விமானங்களில் ஒன்றாயிற்று. பிரெஞ்சுப் போர்முனையில் பறந்த நான்கு இந்திய விமானிகளில் ஒருவரான ஹர்தித் சிங் மாலிக், ஒற்றை இருக்கை விமானத்தில் போரிட்ட பிறகு பிரிஸ்டல் ஃபைட்டரையும் ஓட்டினார்.

கூட் முற்றுகை

இந்திய அரசின் பொறுப்பில் நடந்த மெசபடோமியப் போர்முனையில், இன்றைய ஈராக்கில், இரட்டை இருக்கை விமானங்களுக்கு வேறுவகைச் சோதனை ஏற்பட்டது. இந்திய அரசின் வேண்டுகோளின் பேரில் 1915-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு சிறு விமானப் பிரிவு பாஸ்ராவுக்கு வந்தது. மோரிஸ் ஃபார்மன் வகை விமானங்களே அவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. பாலைவனத் தூசியும் வெப்பமும் எஞ்சின்களைக் கெடுத்தன. 1915 ஜூலையில் ஜார்ஜ் மெர்ஸ், வில்லியம் பர்ன் ஆகிய இருவர் சென்ற கோத்ரோன் விமானம் எஞ்சின் கோளாறால் பாலைவனத்தில் இறங்கியது. இருவரும் அங்கே கொல்லப்பட்டனர்.

1915 டிசம்பரில் ஆறாம் பூனா படைப்பிரிவு கூட் நகரில் துருக்கியரால் முற்றுகையிடப்பட்டது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். உணவு தீர்ந்தது. தானியம் இருந்தும் அரைக்க வழியில்லாதபோது திரிகைக் கற்களையே விமானத்திலிருந்து போட்டனர். 1916 ஏப்ரல் பாதியிலிருந்து மாத இறுதி வரை மாவு மூட்டைகளைக் கட்டிக்கொண்டு விமானங்கள் மீண்டும் மீண்டும் பறந்தன. இருவரைத் தூக்கச் செய்த விமானம் எவ்வளவு மூட்டை தூக்கும்? இரண்டு வாரங்களில் ஏறத்தாழ 8 டன் உணவே சென்றது. நாளொன்றுக்கு இரண்டு டன்னுக்கும் மேல் தேவைப்பட்டது. ஏப்ரல் 29 அன்று சுமார் 13,000 பேர் சரணடைந்தனர். சிறைப்பட்டவர்களில் ஆயிரக்கணக்கானோர் ஊர் திரும்பவில்லை. முற்றுகையில் இருந்த படைக்கு விமானம் மூலம் தொடர்ந்து உணவு போடும் முயற்சி உலக வரலாற்றில் தொடங்கியது இங்கேதான்.

விமானங்கள் எவ்வாறு தயாரிக்கப்பட்டன?

அக்கால விமானம் மரச் சட்டமும் துணியும் கம்பியும் சேர்ந்த பொருள். ஸ்புரூஸ், ஆஷ் மரங்களால் சட்டம் அமைத்து, எஃகுக் கம்பிகளால் இழுத்துக் கட்டி, அதன்மேல் லினன் துணியைப் போர்த்தித் தைப்பர். துணி இறுகுவதற்கு 'டோப்' எனப்படும் பூச்சைத் தடவுவர். பூச்சு காய்ந்ததும் துணி பறைத்தோல்போல் விறைக்கும்.

இவ்வேலைக்குத் தச்சரும் தையல் தெரிந்தவரும் போதும் என்பதால் பல தொழில்களைச் சேர்ந்த நிறுவனங்கள் விமானம் செய்ய முன்வந்தன. பி.இ.2 வகையில் ஏறத்தாழ 3,500 விமானங்கள் செய்யப்பட்டன. கார் செய்யும் டைம்லர் நிறுவனமும், லிங்கன் நகரில் வேளாண் இயந்திரம் செய்த ரஸ்டன் பிராக்டரும் அவற்றைச் செய்தவர்களுள் அடங்குவர். ஆர்.இ.8 வகையில் நாலாயிரத்துக்கும் மேலும், பிரிஸ்டல் ஃபைட்டர் ஐயாயிரத்துக்கும் மேலும் செய்யப்பட்டன. ஒரே வரைபடத்தைப் பல தொழிற்சாலைகளுக்குக் கொடுத்துச் செய்விக்கும் முறையில் ஒரு சிக்கலும் இருந்தது. ஆயிரக்கணக்கில் ஒப்பந்தம் கொடுத்துவிட்ட பிறகு, விமானம் காலாவதியானது என்று தெரிந்தாலும் தயாரிப்பு உடனே நிற்காது. பி.இ.2 விமானங்கள் போர்முனையில் நீடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

தொழிற்சாலைகளில் துணி தைத்தவர்களும் டோப் பூசியவர்களும் பெரும்பாலும் பெண்கள். தொடக்கத்தில் டோப்பில் கலந்திருந்த டெட்ராகுளோரோஈத்தேன் என்ற நச்சுக் கரைப்பான் கல்லீரலைத் தாக்கியது. பலருக்கு மஞ்சள் காமாலை வந்தது, சிலர் இறந்தனர். அதன் பின்னரே வேறு கரைப்பான்கள் பயன்பாட்டுக்கு வந்தன. இரட்டை இருக்கை விமானத்துக்காக உயிர் கொடுத்தவர்கள் போர்முனையில் மட்டும் இருக்கவில்லை.

வடமேற்கு எல்லையும் 1922-ஆம் ஆண்டின் அறிக்கையும்

1915 டிசம்பரில் 31-ஆம் எண் படையணி பி.இ.2சி விமானங்களுடன் பம்பாயில் வந்திறங்கி, வடமேற்கு எல்லைப்புறத்துக்குச் சென்றது. இந்தியாவில் நிலைகொண்ட முதல் விமானப் படையணி இதுவே. இன்று பாகிஸ்தானில் உள்ள ரிசால்பூர் அதன் தளமாயிற்று.

அங்கே எதிரி விமானம் கிடையாது. மலைதான் எதிரி. 1919-இல் மூன்றாம் ஆப்கானியப் போரில் பழைய விமானங்கள் கணவாய்களின் வழியே பறந்தபோது, விமானத்தைவிட உயரத்தில் முகடுகளில் நின்ற பழங்குடி வீரர்கள் கீழ்நோக்கிச் சுட்டனர். எஞ்சின் நின்றால் இறங்கச் சமதளம் இல்லை. விமானத்தில் செல்வோரை உயிருடன் ஒப்படைத்தால் பரிசு தரப்படும் என்று உள்ளூர் மொழிகளில் எழுதிய கடிதத்தை வீரர்கள் உடன் கொண்டு சென்றனர். இந்த விமானங்கள் மலைக் கிராமங்களின் மேல் குண்டு வீசின என்பதும் இவ்வரலாற்றின் பகுதியே. முன்கூட்டியே துண்டறிக்கை போட்டு எச்சரித்த பின்னரே தாக்கியதாக அரசு கூறினாலும், வீடுகளும் ஆடுமாடுகளும் அழிந்தன. இம்முறைக்கு அக்காலத்திலேயே எதிர்ப்பு இருந்தது.

போர் முடிந்ததும் சிக்கனம் தொடங்கியது. இந்தியாவில் விமானப்படைக்கான பணம் தரைப்படைத் தலைமையகத்தின் கையில் இருந்தது. பிரிஸ்டல் ஃபைட்டர்கள் வந்தன. உதிரிப் பாகங்கள் வரவில்லை. டயர் இல்லாமல் வெறும் சக்கர வளையத்தில் விமானங்கள் ஓடுதளத்தில் இறங்கின. அச்சுக்கு வேண்டிய ரப்பர்க் கயிறு கிடைக்காமல் நாட்டுக் கயிற்றால் கட்டினர். 1922-இல் ஜான் சாமண்ட் என்ற உயர் அதிகாரி வந்து ஆராய்ந்தபோது, 70 விமானங்களில் 7 மட்டுமே பறக்கும் நிலையில் இருந்தன. அவரது அறிக்கைக்குப் பிறகே விமானப்படைக்கெனப் பணம் தனியே ஒதுக்கப்பட்டது. பிரான்சில் ரிக்ட்ஹோஃபனைச் சமாளித்த அதே வகை விமானத்தை இந்தியாவில் டயர் பற்றாக்குறை தரையில் நிறுத்திவிட்டது.

வாப்பிட்டியும் இந்திய விமானப்படையும்

பிரிஸ்டல் ஃபைட்டருக்குப் பதிலாக வந்தது வெஸ்ட்லாண்டு வாப்பிட்டி. 1927-இல் முதலில் பறந்த இவ்விமானத்தின் வடிவமைப்பிலேயே சிக்கனம் இருந்தது. போர்க் காலத்து டி.எச்.9ஏ விமானங்களின் பாகங்கள் கிடங்குகளில் குவிந்து கிடந்தன. அவற்றை இயன்றவரை பயன்படுத்த வேண்டும் என்பது பிரித்தானிய அரசின் நிபந்தனை. அதன்படி பழைய இறக்கைகளும் வால் பகுதியும் புதிய உடலோடு சேர்க்கப்பட்டன. ஜூபிட்டர் எஞ்சின் பொருத்தப்பட்டது. அது காற்றால் குளிரும் எஞ்சின் என்பதால் தண்ணீர்த் தொட்டியும் குழாயும் தேவையில்லை. வெப்ப நாடுகளுக்கு இது பெரிய வசதி. பிந்தைய வகைகளில் மரச் சட்டத்துக்குப் பதில் உலோகச் சட்டம் வந்தது. மொத்தம் 500-க்கும் மேற்பட்ட வாப்பிட்டிகள் செய்யப்பட்டன.

இதற்கிடையே இராணுவ அதிகாரப் பதவிகளில் இந்தியர்களைச் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை சட்டமன்றத்தில் வலுத்தது. ஸ்கீன் குழு விமானப் பயிற்சிக்கு இந்தியர்களை அனுப்பப் பரிந்துரைத்தது. இங்கிலாந்தின் கிரான்வெல் கல்லூரியில் முதல் இந்திய மாணவர்கள் பயின்று திரும்பினர். 1932 அக்டோபர் 8 அன்று இந்திய விமானப்படைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியின் டிரிக் ரோடு தளத்தில் 6 அதிகாரிகள், 19 ஹவாய் சிப்பாய்கள், 4 வாப்பிட்டி விமானங்களுடன் முதல் படையணி தொடங்கப்பட்டது. 'ஹவா' என்றால் இந்தியில் காற்று. வான்படைச் சிப்பாய் என்பது அப்பெயரின் பொருள். முதல் அதிகாரிகளுள் ஒருவரான சுப்ரோதோ முகர்ஜி 1954-இல் படையின் முதல் இந்தியத் தலைவரானார். ஹவாய் சிப்பாயாகச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி ஹர்ஜிந்தர் சிங், பிற்காலத்தில் ஏர் வைஸ் மார்ஷலாக உயர்ந்து, கான்பூரில் விமானத் தயாரிப்புக்கு வித்திட்டார்.

பின்னிருக்கை வீரர்கள்

முதல் படையணி தொடங்கி இரண்டே நாளில், 1933 ஏப்ரல் 3 அன்று, பீகாரின் பூர்ணியா அருகிலிருந்து எழும்பிய இரண்டு வெஸ்ட்லாண்டு விமானங்கள் எவரெஸ்ட் சிகரத்தின் மேல் முதன்முறையாகப் பறந்தன. இரண்டும் இரட்டை இருக்கை கொண்டவை. ஒன்று வாப்பிட்டியிலிருந்து வளர்ந்த வடிவம். அதன் பின்னிருக்கையில் படமெடுத்த பானட் என்பவரின் பிராணவாயுக் குழாயில் விரிசல் விழுந்தது. கைக்குட்டையால் அதைச் சுற்றிக் கட்டிய பிறகும் அவர் மயங்கி விழுந்தார். முன்னிருக்கையில் இருந்த விமானி மக்கின்டயர் செய்யக்கூடியது விமானத்தைத் தாழ்வான காற்றுக்குக் கொண்டுவருவது ஒன்றே. பானட் உயிர் பிழைத்தார்.

இந்திய விமானப்படையில் பின்னிருக்கை பெரும்பாலும் அதிகாரியல்லாத வீரருக்குரியதாக இருந்தது. வசீரிஸ்தானில் மேஹர் சிங் ஓட்டிய விமானம் சுடப்பட்டு மலைச்சரிவில் இறங்கியபோது அவருடன் இருந்தவர் துப்பாக்கி வீரர் குலாம் அலி. ஒருவர் சீக்கியர், மற்றவர் முஸ்லிம். இருவரும் இருளில் மறைந்து நடந்து இராணுவக் காவல் நிலையை அடைந்தனர். மேஹர் சிங்கே 1948-இல் லேயில் முதன்முதலாக விமானத்தை இறக்கியவர்.

1940-இல் எல்லையில் ஒரு தரைப்படைப் பிரிவு சுற்றிவளைக்கப்பட்டுத் தோட்டா தீர்ந்த நிலையில் தரையில் பலகைக் குறி காட்டியது. மேலே பறந்த சுப்ரோதோ முகர்ஜியின் பின்னிருக்கை வீரர், தம் இயந்திரத் துப்பாக்கியின் தட்டுகளிலிருந்து தோட்டாக்களைக் கழற்றி, தம் காலுறைகளில் நிரப்பிக் கீழே போட்டார். தம் விமானத்தின் முதுகைக் காக்க வேண்டிய தோட்டாக்களையே அவர் கொடுத்தார்.

சென்னைக் கரையோரப் பிரிவு

எம்டன் வந்து கால் நூற்றாண்டு கழித்துச் சென்னைக் கரைக்குக் கண் கிடைத்தது. 1939-இல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் விமானப்படைத் தன்னார்வச் சேமப்படை அமைக்கப்பட்டது. அதன் கரையோரப் பாதுகாப்புப் பிரிவுகளில் முதலாவது சென்னையில், பரங்கிமலைத் தளத்தில் நிறுவப்பட்டது. பம்பாய், கல்கத்தா, கராச்சி, கொச்சி ஆகியவற்றுக்கும் பிரிவுகள் அமைந்தன. பின்னர் விசாகப்பட்டினமும் சேர்ந்தது. சென்னைப் பிரிவின் முதல் விமானங்கள் வாப்பிட்டிகள். உள்நாட்டு விமானச் சங்கங்களில் பறக்கக் கற்றவர்களும் இப்பிரிவுகளில் சேர்ந்தனர். தரையில் இறங்கும் சக்கரம் மட்டுமே கொண்ட, ஒற்றை எஞ்சின் விமானத்தில் வங்கக் கடலின் மேல் சென்று கப்பல்களைப் பார்த்து வருவதே பணி. எஞ்சின் நின்றால் கீழே கடல்தான். பிற்பாடு சென்னைப் பிரிவுக்கு நான்கு எஞ்சின் கொண்ட அட்டலாண்டா விமானங்கள் தரப்பட்டன.

வாப்பிட்டிக்குப் பின் ஹார்ட், ஆடாக்ஸ், லைசாண்டர், வெஞ்சென்ஸ் ஆகிய இரட்டை இருக்கை விமானங்கள் இந்தியப் படையணிகளுக்கு வந்தன. 1942-இல் பர்மாவில் ஜப்பானியருக்கு எதிராக மஜும்தார் தலைமையிலான படையணி பயன்படுத்தியது லைசாண்டரையே.

இன்று

ரேடாரும் கணினியும் வந்த பிறகும் இரண்டாவது இருக்கை மறையவில்லை. 2020 ஜனவரி 20 அன்று தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 222-ஆம் எண் படையணி சுகோய்-30 எம்.கே.ஐ விமானங்களுடன் நிறுவப்பட்டது. இவ்விமானத்திலும் இருவர் செல்கின்றனர். முன்னவர் ஓட்டுகிறார், பின்னவர் கருவிகளையும் ஆயுதங்களையும் கையாளுகிறார். இப்பணியைச் செய்வோருக்காக ஆயுத அமைப்புக் கிளை என்ற தனி அதிகாரிப் பிரிவு தொடங்கப்படுவதாக 2022-இல் அறிவிக்கப்பட்டது. விமானப்படைக் கழகம் தெலங்கானாவில் ஐதராபாத் அருகேயுள்ள துண்டிகல்லில் இருக்கிறது. பெயர் ஒலியால் இதைத் தமிழ்நாட்டின் திண்டுக்கல்லோடு சிலர் குழப்பிக்கொள்வதுண்டு.

தஞ்சாவூர்ப் படையணியின் முதன்மைப் பணிகளுள் ஒன்று இந்தியப் பெருங்கடற்பகுதியைக் காப்பது. 1914-இல் எம்டன் யார் கண்ணிலும் படாமல் வந்து திரும்பிய கடலும் அப்பகுதியில் அடங்கும்.